தொமாசினாவின் இரண்டு படிக்கட்டுகள்

கோடையில், கடலோரப் பாறை உச்சியில் இருக்கிற எங்கள் பொனிஃபாசியோவுக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். அப்புறம் "ஐயோ, என்ன அழகு!" என்பார்கள். துறைமுகத்தில் படகை விட்டு இறங்கி, சரிவில் மூச்சு வாங்க ஏறி, கோட்டை வாசலுக்குள் நுழைந்து எங்கள் தெருவுக்கு வந்ததும் அவர்களுக்கு வீடுகளின் படிக்கட்டைப் பார்த்தாக வேண்டும். ஒரு கதவு திறந்திருந்தால் போதும், கேட்காமல் கொள்ளாமல் தலையை உள்ளே விடுவார்கள். படிக்கட்டு என்பது பேருக்குத்தான். ஏணியைச் சுவரில் சாய்த்து அதன்மேல் கல்லைப் பதித்த மாதிரி இருக்கும். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, அவ்வளவுதான். அதைப் படம் பிடிப்பார்கள். தொமாசினாக்காவும் படத்துக்குள் வந்துவிட்டால் இன்னும் சந்தோஷம். ஒரு கையில் சூப்புப் பானை, தோளில் சலவைக்குப் போகும் படுக்கை விரிப்பு, இன்னொரு கையில் கயிறு. இப்படி ஒரு மனுஷி செங்குத்தாக ஏறுவதை அவர்கள் ஊரில் எங்கே பார்க்கப் போகிறார்கள்?

"அவங்ககிட்ட படம் எடுக்கக் காசு கேளுங்கக்கா," என்று நான் சொல்வேன்.

"அதுக்கு நின்னு பேசணுமே நுன்சியா," என்பாள். "நின்னா அப்புறம் ஏற முடியாது."

நான் ரொட்டிக்கடை வைத்திருக்கிறேன். கடை தெருவின் நடுவில் இருக்கிறது. எனக்கு வலது பக்கம் உள்ள வீட்டின் நான்காம் மாடியில் மத்தேயு, அதற்கு நேர் எதிர் வீட்டின் நான்காம் மாடியில் அரிகோ. இருவரும் தொமாசினாக்காவின் அண்ணன்கள். ஜன்னலைத் திறந்தால் ஒருவர் மூக்கை ஒருவர் பார்க்கலாம், தெரு அத்தனை குறுகல். இருபது வருஷத்துக்கு மேலாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பேருக்கும் சமைத்துப் போடுகிறவள் இவள்.

மத்தேயு வீட்டின் முதல் மாடியில் அவளுக்கு ஓர் அறையும் ஒரு சமையலறையும். விடிந்ததும் விடுமுறை வீடுகளுக்குப் போய்விடுவாள். தெருவில் பாதி வீடுகளைக் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற அக்கரைக்காரர்கள் வாங்கி, கோடையில் வாரக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வருவதற்குள் பெருக்கி, துடைத்து, விரிப்பு மாற்றி வைக்க வேண்டும். அதை முடித்துவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். சூப்பு கொதித்ததும் பானையைத் தூக்கிக்கொண்டு மேலே மத்தேயு வீட்டுக்கு. அவருக்கு ஊற்றிக் கொடுத்து, குளியலறையில் கிடக்கிற துணியை எடுத்துக்கொண்டு இறங்கி, தெருவைக் கடந்து, எதிர் வீட்டில் நான்கு மாடி. அரிகோவுக்கு ஊற்றிக் கொடுத்து, அவர் திட்டுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு, இறங்கி, மறுபடி தன் வீட்டுக்கு. பானையின் அடியில் அவளுக்கென்று மிஞ்சியிருக்கும். அது அதற்குள் ஆறிப் போய் மேலே ஆடை கட்டியிருக்கும். அடுப்பை மறுபடி பற்ற வைக்க அலுப்பாக இருக்கும். அப்படியே நின்றபடி குடித்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். சாயங்காலம் மறுபடி இதே கதை.

"ஒரே ஒரு படிக்கட்டு போதும் நுன்சியா," என்று அவள் ஒருநாள் என்னிடம் சொன்னாள். மாவு மூட்டையில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நாக்கு தள்ளிப் போகுது. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தாப் போதும். எந்த வீடா இருந்தாலும் சரி. ஒரு படிக்கட்டு."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதாம்.

கூடை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்துக் கப்பி ஒவ்வொரு வீட்டு ஜன்னல் மேலும் இன்னும் இருக்கிறது. கயிற்றில் கூடையைக் கட்டி இறக்கினால் ரொட்டியும் காய்கறியும் பானையும் தானே மேலே போய்விடும். இந்த இரண்டு வீட்டிலும் கயிறு இருக்கிறது, கூடையும் இருக்கிறது. ஆனால் யார் முதலில் இறக்குவது? இறக்குகிறவனுக்குக் கால் போய்விட்டது என்று எதிர் ஜன்னல்காரனுக்குத் தெரிந்துவிடுமே! மத்தேயுவுக்குக் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அரிகோவுக்கு இடுப்பு தேய்ந்து போய், கல்லறைத் திருநாளுக்குப் பிறகு தெருவில் காலே வைக்கவில்லை. ஊருக்கே தெரியும். ஆனாலும் கூடையை இறக்க மாட்டார்கள். தங்கை ஏறட்டும்! எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தெருவில் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். மத்தேயு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அரிகோ என் ரொட்டியில் உப்பு குறைகிறது என்றார்.

அவர்கள் சண்டையும் பெரிய ராஜ்யத்துக்காக இல்லை. மத்தேயு வீட்டின் தரைத்தளத்தில் ஒரு கொட்டில் இருக்கிறது. அவர்கள் தாத்தா காலத்தில் கழுதை கட்டிய இடம். அப்பா செத்தபோது மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாக விட்டுவிட்டுப் போனார். எங்கள் ஊரில் யார்தான் பிரித்துக் கொடுத்துவிட்டுச் செத்திருக்கிறார்கள்? ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளி இருப்பார்கள், பத்துப் பேர் செத்தே போயிருப்பார்கள். அக்கரைக்காரன் ஒருவன் அந்தக் கொட்டிலை ஐஸ்கிரீம் கடைக்குக் கேட்டு வந்தான். மத்தேயு கொடுக்கலாம் என்றார். "கழுதை நின்ன இடத்துல ஐஸ்கிரீமா?" என்று அரிகோ பூட்டைப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "யாரைக் கேட்டுப் பூட்டினே?" என்று மத்தேயு அதே கதவில் இன்னொரு பூட்டைப் போட்டு, அந்தச் சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இரண்டு சாவியும் சேரவில்லை. மூன்றாவது பங்கு தொமாசினாக்காவுடையது. அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்து பழக்கமில்லாதவள். இளவயதில் பவளம் எடுக்கிற ஒருவன் அவளைக் கேட்டான். நல்ல பையன், கடலுக்குள் மூழ்கினால் எல்லோருக்கும் கடைசியாகத்தான் மேலே வருவான். "அண்ணன்களுக்கு யார் சமைப்பா?" என்று அப்பா கேட்டார். அதோடு சரி. அவன் சார்டீனியாவுக்குப் போய் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். காற்று தெளிந்த நாளில் பாறை முனையில் நின்றால் அந்தக் கரை நன்றாகத் தெரியும். போய்ப் பார்த்தீர்களா என்று அவளிடம் ஒருமுறை கேட்டேன். "எங்க நேரம்?" என்றாள்.

அரிகோவுக்குக் கல்யாணம் ஆகி, பெண்டாட்டி மூன்றாம் வருஷமே செத்துப்போனாள். மத்தேயு கட்டிக்கொள்ளவே இல்லை. அவருக்குக் கோவில் சபைதான் எல்லாம். எங்கள் தெருச் சபையின் சொரூபம் கனமான மரத்தால் ஆனது. பெரிய வெள்ளியன்று அதைச் சப்பரத்தில் வைத்து ஆண்கள் தோளில் தூக்கி ஊரைச் சுற்றி வருவார்கள். அந்தத் தூக்குகிறவர்களுக்கு அடி சொல்கிறவர் மத்தேயு. முன்னால் நின்று கோலைத் தரையில் தட்டி, "தோள் மாத்து, அடி வை, நில்" என்று அவர் சொன்னால் அத்தனை ஆண்களும் ஒரே ஆளாக நகர்வார்கள். சப்பரத்தைத் தூக்குகிற முன்தண்டில் இடது பக்கம் அரிகோ. சண்டை வந்த பிறகும் பெரிய வெள்ளியில் இவர் சொன்ன அடிக்கு அவர் நடந்தார், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு. அண்ணனுக்குக் கால் போன பிறகு அதுவும் நின்றது. மத்தேயுவுக்கு அதிலிருந்து ஒரே புலம்பல்தான்.

"நான் செத்தா அவன் ஜன்னலைத் திறந்து வெச்சு வேடிக்கை பார்ப்பான், பாரு," என்று தொமாசினாக்காவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அது சாதாரணப் பேச்சில்லை. எங்கள் தெருவில் சவ ஊர்வலம் போகும்போது கடைக்காரன் கதவை இறக்குவான், வீட்டுக்காரன் ஜன்னலைச் சாத்துவான். அதுதான் மரியாதை. பகையாளி வீட்டுச் சவம் என்றால் திறந்தபடி விடுவார்கள். அதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்குக் கிடையாது.

"அவர்கிட்ட கேட்கட்டுமா அண்ணே, சாத்துவியான்னு?" என்பாள் தொமாசினாக்கா, அலுத்துப் போய்.

"கேட்டே, உன் காலை ஒடிச்சிருவேன்."

"ஒடி அண்ணே. புண்ணியமாப் போகும். யாராவது எனக்குச் சூப்பு கொண்டுவந்து கொடுப்பாங்க."

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காற்று இரண்டு நாளாக ஓயவில்லை. அந்தக் காற்றில் எங்கள் தெருவில் பேச்சுக் குரல்கூடப் பறந்துவிடும். குளிர்காலத்தில் விளக்கு எரிகிற வீட்டை விரல் விட்டு எண்ணலாம். அக்கரைக்காரர்களின் ஜன்னல் எல்லாம் பூட்டித்தான் கிடக்கும். காலையில் டாக்டர் மத்தேயு வீட்டிலிருந்து இறங்கி வந்தார். கொஞ்ச நேரத்தில் தொமாசினாக்கா என் கடைக்குள் வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணன் கால் கறுத்துப் போச்சாம். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா ஆளே தங்க மாட்டாராம்."

"ஆம்புலன்ஸ் சொல்லியாச்சா?"

"கோட்டை வாசல் வரைக்கும்தான் வரும். அவங்க தள்ளுகட்டில் நம்ம படியில திரும்பாது. தீயணைப்புக்காரங்க ஜன்னல் வழியா இறக்கறேன்னாங்க. மாட்டேன்னுட்டார். எதிர்ல அவன் உட்கார்ந்து பார்ப்பானாம், தான் மூட்டை மாதிரி தொங்கறதை."

"சாகப் போற நேரத்துல கௌரவமா? அந்த மனுஷனுக்கு மூளை எங்க இருக்கு?"

"கத்தாதே நுன்சியா. சபைக்காரங்களைக் கூப்பிடு. அவங்களாலதான் முடியும்."

மத்தேயு என்ன லேசான ஆளா? காலம் முழுக்க உட்கார்ந்து சூப்பு குடித்த உடம்பு. நான் சவேரியோவுக்குப் போன் போட்டேன். சவேரியோ குழாய் வேலை செய்கிறவன். மத்தேயுவுக்குப் பிறகு இப்போது சப்பரத்துக்கு அடி சொல்கிறவன் அவன்தான். அரை மணி நேரத்தில் ஆட்களோடு வந்து நின்றான். எல்லோரும் வேலை உடையில், ஒருத்தன் கையில் சிமெண்டுகூடக் காயவில்லை. படியில் கயிறு போட்டு நாற்காலியோடு இறக்குவது, தெருவில் வந்ததும் சப்பரத்துத் தண்டு இரண்டை நாற்காலிக்குக் கீழே செருகித் தோளில் தூக்கிக்கொண்டு வாசல் வரை போவது என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பேர் போய்ச் சபைக் கோவிலிலிருந்து தண்டுகளை எடுத்து வந்து தெருச் சுவரில் சாத்தி வைத்தார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது. அந்தத் தண்டுகள் இரண்டே காரியத்துக்குத்தான் கோவிலை விட்டு வெளியே வரும். ஒன்று திருநாளுக்குச் சொரூபம் தூக்க. இன்னொன்று, சபை உறுப்பினர் செத்தால் அவரைத் தூக்க. அன்றைக்கு எந்தத் திருநாளும் இல்லை. கோவிலைப் பார்த்துக்கொள்கிற ஃபிலோமேனா தண்டு போவதைப் பார்த்தாள். மத்தேயு படுத்த படுக்கை என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் காலையில் வந்ததையும் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே போய் மணிக் கயிற்றைப் பிடித்தாள். எங்கள் ஊரில் பிறந்தவள் வேறு என்ன செய்வாள்? நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

உள்ளே படியில் சவேரியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அடி சொல்லிக்கொண்டிருந்தான். நாற்காலியில் போர்வையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மத்தேயு அவனைத் திருத்திக்கொண்டே வந்தார். "அவசரப்படாதடா. வளைவுல வெளிக்கால் முதல்ல. உனக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன்?" என்று அவர் கத்துவது தெருவரை கேட்டது. ஒவ்வொரு படியிலும் கூட இறங்கி வந்தாள் தொமாசினாக்கா. கையில் பானை. மத்தியான வேளை ஆகிவிட்டதே, அரிகோவுக்குக் கொண்டுபோக வேண்டாமா? அந்த நேரத்திலும் அவளுக்கு அந்த நினைப்பு.

வாசலைத் தாண்டி நாற்காலியைத் தெருவில் வைத்துத் தண்டைச் செருகிக்கொண்டிருந்தார்கள். அப்போது துக்க மணி அடித்தது.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மேல் தெருவில் கறிக்கடைக்காரன் கதவை இறக்குகிற சத்தம் கேட்டது. அடுத்துக் கயிறு விற்கிற கடை. அடுத்து மருந்துக்கடை. திறந்திருந்த நாலைந்து ஜன்னல்களும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. என் கடைப் பையன்கூட, என்னைக் கேட்காமலே கதவைப் பாதி இறக்கிவிட்டான்.

மத்தேயு தலையை உயர்த்திக் கேட்டார். "யாருடா போயிட்டது?"

சவேரியோ தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். எனக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன்.

"கேட்கறேன்ல? யாரு போயிட்டது?"

"நீங்கதாண்ணே," என்றான் சவேரியோ மெதுவாக.

குளிர்காலத்திலும் எங்கிருந்தோ வந்து சேருகிற இரண்டு அக்கரைக்காரர்கள், புருஷனும் பெண்டாட்டியும், அந்த நேரம் பார்த்துத்தான் தெருவுக்குள் நுழைந்தார்கள். நாற்காலியும் தண்டும் ஆட்களும் மணியும்! அவன் காமிராவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "இது என்ன திருவிழாம்மா?" என்று கேட்டான்.

"எங்க வீட்டுக் கல்யாணம். அந்தப் பக்கம் போங்க, போய்க் கடலைப் படம் பிடிங்க," என்றேன். போனார்கள்.

மத்தேயு எங்களைப் பார்க்கவே இல்லை. அவர் அண்ணாந்து எதிர் வீட்டு நான்காம் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரிகோவின் ஜன்னல் சாத்தியிருந்தது. இரண்டு பலகையும் இறுக்கமாகச் சாத்தி, கொக்கி போட்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். வாழ்நாளில் அந்த வாய் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தண்டைக் கயிறு போட்டு இறுக்கி முடிக்கிற நேரத்தில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அரிகோ நின்றார். தலையிலிருந்து கால்வரை சபையின் வெள்ளை அங்கி, முக்காடு முகத்தில் பாதியை மூடியிருந்தது. அந்த இடுப்பை வைத்துக்கொண்டு நான்கு மாடியும் எப்படி இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது. உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்க வேண்டும், அங்கியின் பின்பக்கம் எல்லாம் சுண்ணாம்பு. அழுதுகொண்டே வந்தார். நாற்காலியை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடி நேரே முன்தண்டின் இடது பக்கத்துக்குப் போய், அங்கே நின்றவனை ஒதுக்கிவிட்டு, குனிந்து தோளைக் கொடுத்தார்.

அவர் தலைக்கு மேலே நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "தோளை மாத்து. இடது பக்கத்துக்காரனுக்கு வலது தோள். எத்தனை வருஷமாச் சொல்றேன்?"

அரிகோ பழக்கத்தில் தோளை மாற்றிவிட்டார். மாற்றின பிறகுதான் நிமிர்ந்தார்.

"நீ சாகலையா?"

"உன்னைக் கேட்டுட்டுத்தான் சாகணுமா?"

"மணி அடிச்சுதே!"

"அது என்னைக் கேட்டா அடிச்சுது? போய் ஃபிலோமேனாவைக் கேளு."

"பாவி," என்றார் அரிகோ. "பாவி. நான் நாலு மாடி இறங்கி வந்திருக்கேன்." அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. கொட்டில் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார், முகத்தை அங்கிக் கையால் மூடிக்கொண்டு.

"ஜன்னலை எதுக்குச் சாத்தினே?" என்று மத்தேயு கேட்டார்.

"வேற என்ன பண்ணுவாங்க? மடையா."

சவேரியோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும்தான். ஆனால் என்னைப் பொறுத்தவரை அன்றைக்கு நடந்தது அது இல்லை. நான் தொமாசினாக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. பானையைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். இடது பக்கப் படிக்கட்டைப் பார்த்தாள். வலது பக்கப் படிக்கட்டைப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியில் ஒருத்தர், வாசல்படியில் ஒருத்தர் என்று இரண்டு அண்ணன்களையும் பார்த்தாள். இரண்டு பேரும் கீழே இருந்தார்கள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! பானையைத் தரையில் வைத்தாள். கையை நீட்டினாள்.

"சாவியைக் கொடுங்க."

"என்ன சாவி?" என்றார் மத்தேயு.

"கழுத்துல மாட்டியிருக்கீங்களே, அது. ரெண்டு பேரும்."

"எதுக்கு?"

"எனக்கும் மூணுல ஒரு பங்கு இருக்கு. இதுவரைக்கும் கேட்டேனா? இப்ப கேட்கறேன்."

"ஏ தோமா, இப்ப ஆம்புலன்ஸ் காத்துக்கிட்டிருக்கு..."

"காத்திருக்கட்டும். நான் இனிமே ஏற மாட்டேன்." அவள் கத்தவில்லை. கத்துகிற தெம்பு ஏது? சோர்ந்த குரலில்தான் சொன்னாள், ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. "என்னால முடியல அண்ணே. முட்டி போச்சு. இவரு இனி மேலே ஏறப் போறதில்ல, நீங்களும் திரும்பி வந்தா ஏறப் போறதில்ல. நான் மட்டும் எதுக்கு ஏறணும்? மேலே யார் இருக்கா எனக்கு? சாவி."

அரிகோதான் முதலில் கழற்றினார். முக்காட்டுக்குள் கையை விட்டு, கழுத்தில் தொங்குகிற புனித உத்தரியக் கயிற்றோடு கோத்திருந்த சாவியை இழுத்து எடுத்தார். அதைப் பார்த்ததும் மத்தேயுவும் போர்வைக்குள் கையை விட்டார். முடிச்சு அவிழவில்லை. சவேரியோ கத்தியால் கயிற்றை அறுத்துக் கொடுத்தான்.

இரண்டு பூட்டும் துருப்பிடித்துக் கிடந்தன. சவேரியோ எண்ணெய் விட்டுத் தட்டித் திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை. கல் தொட்டி ஒன்று, சுவரில் கழுதை கட்டுகிற வளையம் ஒன்று, எங்கும் எலிப் புழுக்கை. இதற்காகத்தான் இத்தனை வருஷம்.

"இங்க எப்படிடீ மனுஷன் இருப்பான்?" என்றார் மத்தேயு, எட்டிப் பார்த்து.

"ஒரு கழுதைக்குக் கட்டினது," என்றாள் தொமாசினாக்கா. "பெருக்கி விட்டா ரெண்டு கழுதைக்குத் தாராளமாப் போதும்."

தெருவே சிரித்தது. பாதி இறக்கியிருந்த கதவுக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் சிரித்ததில் தலையை இடித்துக்கொண்டார். மத்தேயுவைத் தூக்கிக்கொண்டு கோட்டை வாசலுக்குப் போனார்கள். அவரே அடி சொல்லிக்கொண்டு போனார். ஃபிலோமேனா அப்போதும் மணியை விடவில்லை. சவேரியோ ஆள் அனுப்பி நிறுத்தினான்.

அன்று சாயங்காலமே கொட்டிலைக் கழுவினோம், நானும் அவளும். நான் கழுவினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றாள். சவேரியோ குழாய் இழுத்து அடுப்பும் தண்ணீரும் வைத்துக் கொடுத்தான். அரிகோவின் கட்டில் ஜன்னல் வழியாக, கப்பியில், ஊர் பார்க்கக் கீழே இறங்கியது. அரிகோ தெருவில் உட்கார்ந்து அண்ணாந்து, "மெதுவா, மெதுவா" என்று கத்தினார். கூடையை இறக்க மாட்டேன் என்றவரின் கட்டிலே இறங்கியதை நான் சொல்லிக் காட்டாமல் விடவில்லை.

மத்தேயு ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தார். ஆள் தங்கிவிட்டார். வலது காலில் முட்டிக்குக் கீழே இல்லை. பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் திரும்பி வந்தார். சவேரியோவின் ஆட்கள் அதே தண்டில் தூக்கி வந்தார்கள். ஆனால் இந்தத் தடவை முன்னதாகவே ஃபிலோமேனாவிடம் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டுத்தான் தண்டை எடுத்தார்கள். கொட்டில் வாசலில் இறக்கினபோது அரிகோ உள்ளே கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார்:

"ஜன்னல் பக்கம் என்னுது. உனக்குத் தொட்டிப் பக்கம்."

"மூத்தவனுக்குத்தான் ஜன்னல்."

"நான் முதல்ல வந்தவன்."

"அப்பா காலத்துல இருந்தே இவனுக்கு இதே புத்தி," என்று மத்தேயு என்னிடம் சொன்னார். நான் ரொட்டியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவர்களுக்கு நடுவில் யார் பேசுவது?

அன்று மத்தியானம் ஒரு ரொட்டி மறந்துவிட்டதால் மறுபடி போனேன். தொமாசினாக்கா அந்த அடுப்பிலேயே அவரைக்காய்ச் சூப்பு வைத்திருந்தாள். அண்ணன்களுக்கு ஊற்றினாள். தனக்கும் ஊற்றினாள். எங்கேயோ போக வேண்டிய மாதிரி பானையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். போக இடமில்லை. பானையை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். என் கண்ணால் அவள் உட்கார்ந்து சாப்பிடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். உடனே "ஆ!" என்று கரண்டியைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"என்ன, என்ன?" என்று பதறினார் மத்தேயு.

"நாக்கைச் சுட்டுக்கிட்டா," என்றார் அரிகோ. "இத்தனை வயசாச்சு, ஊதிக் குடிக்கத் தெரியாதா உனக்கு?"

தொமாசினாக்கா இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணைத் துடைத்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"சூடா இருக்கும்னு தோணல அண்ணே."

அண்ணன்கள் இரண்டு பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். அப்புறம் மத்தேயு கையை நீட்டி, அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஊத ஆரம்பித்தார்.